மூக்கும் முழியுமாய்ப் பிறக்காத பிள்ளை

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் வீட்டுக் கிழவி முதலில் கேட்பது, "ஆணா, பெண்ணா?"

அடுத்த கேள்வி, "மூக்கும் முழியுமாய் இருக்கிறதா?"

காரைக்காலிலும் இப்படித்தான் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்திலும் இப்படித்தான். பதில் தெரிய வேண்டும் என்று கேட்கிற கேள்வி அல்ல இது. மூக்கு எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். ஏதோ சந்தோஷத்தில் கேட்பது.

ஆனால், மூக்கே இல்லாமல் ஒரு குழந்தை பிறந்து விட்டால்?

அப்படியும் பிறப்பது உண்டு. கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவே மேடு இருக்காது. துவாரம் இருக்காது. சமதரையாக இருக்கும். மிக மிக அபூர்வம். மூக்கு அறவே இல்லாமல் பிறந்தவர்கள் என்று உலக மருத்துவ ஏடுகளில் 2017 வரை எழுதப்பட்டவர்கள் நூறு பேர் கூட இல்லை. மூக்கு வளர்ச்சி குன்றிப் பிறக்கிறவர்கள் அதைவிட அதிகம்.

அபூர்வம்தானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். அந்தக் குழந்தையின் சீட்டில் ஆஸ்பத்திரி என்ன எழுதுகிறது? அதில்தான் விஷயமே இருக்கிறது.

பால் குடிக்க மூச்சு வேண்டும்

மூக்கு முகத்துக்கு அழகு என்று சொல்லுகிறோம். பச்சைக் குழந்தைக்கு அது அழகு அல்ல, உயிர்.

பிறந்து சில மாதம் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். தாயின் மார்பில் வாய் வைத்துப் பால் குடிக்கும்போது மூச்சு எங்கே போய் வருகிறது? மூக்கு வழியாகத்தான். மூக்கு இல்லாத குழந்தை என்ன செய்யும்? ஒரு வாய் உறிஞ்சும். மூச்சு முட்டும். விட்டு விடும். அழும். மறுபடி உறிஞ்சும். மறுபடி மூச்சு முட்டும். பால் இருந்தும் பட்டினி.

இதனால் டாக்டர்கள் வாய்க்குள் ஒரு குழாய் வைத்து மூச்சுக்கு வழி செய்கிறார்கள். அது போதாது என்றால் கழுத்தில் சிறு துளை போட்டு மூச்சுக் குழாயில் நேராகக் குழாய் பொருத்துகிறார்கள். பாலும் குழாய் மூலம்தான்.

கண்ணீர் சங்கதி இன்னொன்று. கண்ணில் ஊறும் நீர் மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி விடும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். மூக்கு இல்லாத பிள்ளைக்கு அந்த வாய்க்கால் இருப்பதில்லை. அழாவிட்டாலும் கண் வழிந்து கொண்டே இருக்கும். பலருக்கு வாசனை தெரியாது. சிலருக்குக் கண்ணும் சிறுத்திருக்கும். வளர்ந்த பிறகு, தக்க வயதில் பருவம் அடையாமல் போவதும் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் டாக்டர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அறிவு? அது பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். பள்ளிக்கூடம் போகலாம், படிக்கலாம், பாஸ் செய்யலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்தே மூளையை அளந்து விடுகிற வழக்கம் ஊரில் இருக்கிறதே!

ஓர் எழுத்து, மூன்று எண்

உலகத்தில் உள்ள நோய்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்து ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் ஐ.சி.டி. அதை வைத்து நடத்துவது உலக சுகாதார ஸ்தாபனம். மூக்கு இல்லாமல், அல்லது மூக்கு வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு. பத்தாவது பட்டியலில் அது "கியூ 30.1".

இது தபால் பின்கோடு மாதிரிதான். காரைக்காலின் பின்கோடு 609602. முதல் எண் 6 என்றதும் தென்னாட்டுக் கடிதம் என்று தெரிந்து விடும். அடுத்த எண்கள் எந்தப் பக்கம், எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். அதேபோல "கியூ" என்ற எழுத்தைப் பார்த்ததும், பிறவியிலேயே வந்த குறை என்று தெரியும். 30 என்றால் மூக்கு. புள்ளிக்குப் பின்னால் 0 என்றால், வெளியே மூக்கு இருக்கிறது, உள்ளே பின்வாசல் அடைத்திருக்கிறது. 1 என்றால், மூக்கே இல்லை அல்லது வளரவில்லை. 2 என்றால் பிளவுபட்ட மூக்கு.

கடிதத்தில் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் அது போய்ச் சேருமா? குழந்தையின் சீட்டில் "பிறவிக் குறைபாடு" என்று மட்டும் எழுதுவதும் அதுதான்.

இந்தப் பட்டியலின் பிறப்பிலே காரைக்கால்காரர்களுக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. பட்டியலுக்கு அஸ்திவாரம் போட்டவர் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர். பாரீஸ் நகரத்தின் புள்ளிவிவர இலாகாவுக்குத் தலைவராக இருந்தவர். மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர் எழுதினால் எப்படிக் கணக்குப் பார்ப்பது? எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்றார். 1893-ல் அவருடைய பட்டியலை ஏற்றுக் கொண்டார்கள். அந்த வருஷம் காரைக்காலில் பறந்து கொண்டிருந்தது பிரெஞ்சுக் கொடி!

அவருடைய தம்பி அல்போன்ஸ் இன்னும் வேடிக்கையான மனிதர். பாரீஸ் போலீசில் வேலை. திருடர்களை அடையாளம் காண்பதற்காகத் தலையை அளப்பார், காதை அளப்பார், மூக்கின் அமைப்பைக் குறித்துக் கொள்வார். அண்ணன் சாவுக்குப் பட்டியல் போட்டார். தம்பி முகத்துக்குப் பட்டியல் போட்டார்.

முதலில் அது சாவுக் காரணங்களின் பட்டியலாக மட்டுமே இருந்தது. 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஏற்றுக் கொண்டு, உயிரோடு இருக்கிறவர்களின் நோய்களையும் சேர்த்தது.

யார் வீட்டுக் குழந்தைக்கு?

சென்னையில் பெரிய பெரிய கட்டடங்களில் "மெடிக்கல் கோடிங்" என்ற வேலை நடக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சீட்டுகள் கம்ப்யூட்டரில் வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன நம்பர், இன்ன சிகிச்சைக்கு இன்ன நம்பர் என்று குறிக்க வேண்டும். அந்த நம்பரைப் பார்த்துத்தான் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்.

அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பத்தாவது பட்டியலைத் தன் வழக்கத்துக்கு ஏற்றபடி விரித்துப் பயன்படுத்தி வருகிறது. அங்கேயும் மூக்கில்லாத குழந்தைக்கு "கியூ 30.1"தான்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் யார்? விலங்கியல், தாவரவியல், நர்சிங், பார்மசி படித்த பிள்ளைகள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், காரைக்கால் என்று எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஒரு எண் தப்பினால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பி விடுவார்.

அமெரிக்காவில் ஒரு குழந்தை மூக்கில்லாமல் பிறந்தால், அதன் சீட்டில் சரியான நம்பரைப் போடுவது ஒரு தமிழ்ப் பெண்ணின் விரலாக இருக்கலாம். அவள் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வருகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அதே குறையோடு பிறந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதன் சீட்டை வாங்கிப் பார்க்கிறாள். "முகத்தில் குறைபாடு. மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது." அவ்வளவுதான். நம்பரும் இல்லை, சரியான பெயரும் இல்லை.

எல்லா ஆஸ்பத்திரியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆவணப் பிரிவு இருக்கிறது. அங்கே நம்பர் போட்டுக் கணக்கு வைக்கிறார்கள். ஆனால் அந்த நம்பர் ஆஸ்பத்திரி அலமாரியிலேயே தங்கி விடுகிறது. தாய் கையில் கொண்டு போகிற சீட்டுக்கு எப்போதும் வந்து சேருவதில்லை. சின்ன ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அதிகம், கை குறைவு. அவசரத்தில் நாலு வார்த்தை கிறுக்கிக் கொடுக்கிறார்கள். டாலர் கொடுக்கிறவன் கேட்கிறான், அவனுக்கு எழுதுகிறோம். இங்கே கேட்பவர் இல்லை!

மூன்று எல்லை தாண்டும் சீட்டு

காரைக்காலுக்கு இது மற்ற ஊர்களைவிட முக்கியம். காரணம் அதன் அமைப்பு.

கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. சர்க்கார் மட்டும் புதுச்சேரி சர்க்கார். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்ததால் ஏற்பட்ட வினோதம் இது. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகும், ஊர் புதுச்சேரியோடுதான் நின்றது. ஜனத்தொகை சுமார் 2 லட்சம்.

இங்கே அப்படி ஒரு குழந்தை பிறந்தால், அதை எங்கே கொண்டு போவார்கள்? புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம். சுமார் 130 கிலோமீட்டர். சொந்த மாநிலத்தின் தலைநகருக்குப் போவதற்கும் தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அல்லது தஞ்சாவூர் போகலாம். சென்னைக்குப் போகலாம். ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளை 2016-ல் காரைக்காலிலும் வந்தது. ஆனாலும் மூக்கு அமைக்கிற சிகிச்சை ஒரு தடவையில் முடிகிற காரியம் அல்ல. குழந்தை டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், கண் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் என்று வருஷக் கணக்கில் அலைய வேண்டும்.

போகிற இடமெல்லாம் ஆஸ்பத்திரி வேறு. சர்க்கார் வேறு. கார்டு வேறு. முதல் சீட்டில் பெயரும் நம்பரும் தெளிவாக இருந்தால், எந்த ஊர் டாக்டரும் ஒரு பார்வையில் புரிந்து கொள்வார். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் தாய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். குழந்தையின் முகத்துணியை விலக்கிக் காட்ட வேண்டும். வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் எட்டிப் பார்ப்பார்கள். இந்த அவமானத்தை ஒரு வரி எழுத்து தடுக்கும்.

அழகுக்கா, உயிருக்கா?

பணம் என்று வரும்போது இந்த நம்பரின் சக்தி இன்னும் நன்றாகத் தெரியும்.

விபத்திலோ நோயிலோ பின்னால் கெட்டுப்போன மூக்குக்கு நம்பர் "எம் 95.0". தோற்றம் பிடிக்கவில்லை என்று அழகுக்காகச் செய்து கொள்ளும் ஆபரேஷனுக்கு "இசட் 41.1". பிறவியிலேயே இல்லாத மூக்குக்கு "கியூ 30.1". மூன்றும் மூக்குதான். ஆனால் முதலாவது சிகிச்சை, இரண்டாவது ஆசை, மூன்றாவது பிறவி. எண் மாறினால் குழந்தையின் தேவை சினிமா நடிகையின் ஆசையாகி விடும்!

இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் "பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை" என்று ஒரு வாசகம் உண்டு. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் அதை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்தது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீர்செய்தால் பணம் உண்டு. உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்காக என்று டாக்டர் சான்று கொடுத்தாலும் உண்டு. பிறவிக் குறை என்ற சொல் அந்த விதிவிலக்கில் இல்லை. ஆக, மூக்கில்லாத பிள்ளைக்கு இருக்கிற ஒரே கதவு டாக்டரின் சான்றுதான். சான்றில் அவர் எழுதுகிற வரிதான் சாவி.

இன்னொரு விசித்திரம். பிறவிக் குறைகளை இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். உள் குறை, வெளிக் குறை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் அது வெளிக் குறை. வெளிக் குறைக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகள் சொல்லும். மூக்கு எந்தப் பக்கம்? வெளியே தெரிகிறது என்று வெளிக் குறையில் தள்ளி விடலாம். மூக்குக்குப் பின்னால் மூச்சு போகிற பாதை? அது எலும்புக்குள்ளே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. அந்தப் பாதையே இல்லாத குழந்தையை வெளிக் குறை என்று சொல்வது, கிணற்றில் தண்ணீர் இல்லை என்றால் கைப்பிடிச் சுவரைக் காட்டுவது போல இருக்கிறது. இந்தப் பிரிவினை மூக்கு விஷயத்தில் நியாயம் அல்ல. மாற்ற வேண்டும்.

மூக்கு அமைப்பதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த தேசம் இது. கன்னத்துச் சதையை எடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருதர் எழுதி வைத்தார். இங்கிலீஷ்காரர் பட்டாளத்தில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியரை 1792 யுத்தத்தில் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்தார்கள். பூனாவுக்குப் பக்கத்தில் செங்கல் சூளை வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அந்தச் செய்தி வந்தது. அதைப் பார்த்துப் படித்து, 1814-ல் கார்ப்யூ என்ற இங்கிலீஷ் டாக்டர் அதே ஆபரேஷனை லண்டனில் செய்தார். நெற்றித் தோலை இறக்கும் முறையை இன்றும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் "இந்திய முறை" என்றே சொல்கிறார்கள். அந்த முறை பிறந்த தேசத்தில், பிள்ளைக்கு மூக்கு வைப்பது அழகு வேலை என்று தள்ளுகிறார்கள்!

கிரகணத்தின் மேல் பழி

இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் முதல் பழி தாய் மேல் விழும். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்." "காய் நறுக்கினாள்." "யாரையோ பார்த்துப் பயந்தாள்." மாமியார் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். கடைசியில் அவளே நம்பி விடுவாள்.

2017-ல் விஞ்ஞானிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். பல தேசங்களில் சிதறிக் கிடந்த மூக்கில்லாதவர்களைத் தேடிப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். பெரும்பாலோரிடம் ஒரே ஜீனில் மாறுதல் இருந்தது. அந்த ஜீனின் பெயர் எஸ்.எம்.சி.எச்.டி.1. கிரகணமும் இல்லை, அரிவாள்மணையும் இல்லை. இந்தக் குடும்பங்களை எப்படித் தேட முடிந்தது? அங்கங்கே டாக்டர்கள் குறையின் பெயரைச் சரியாக எழுதி வைத்திருந்தார்கள், அதனால்தான்.

மூக்கு குன்றிப் பிறப்பதற்கு வேறு காரணமும் உண்டு. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கும் பெண்களுக்கு, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தையின் மூக்கு வளராமல் போகலாம். இதற்கு வேறு நம்பர், "கியூ 86.2". இரண்டு குழந்தையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கலாம். நம்பர் வேறு. அடுத்த பிரசவத்துக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியும் வேறு. (இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்து தாங்களாகவே நிறுத்தி விடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.)

மத்திய சர்க்கார் 2013-ல் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைச் சோதித்து, பல வகை நோய்களைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது அதன் வேலை. நல்ல திட்டம். பிறவிக் குறை என்று ஒன்பது அதில் இருக்கிறது. உதட்டுப் பிளவு இருக்கிறது, வளைந்த பாதம் இருக்கிறது, இருதயக் கோளாறு இருக்கிறது. மூக்கு இல்லை. அபூர்வமானதை எல்லாம் பட்டியலில் சேர்க்க முடியாது என்பார்கள், அதுவும் சரிதான். அப்படியானால் பட்டியலில் இல்லாத பிள்ளைக்காவது சரியான நம்பரைப் போட்டு எழுத வேண்டாமா? "இதர" என்ற சாக்கில் போட்டுக் கட்டி விட்டால், எத்தனை பேர் என்று யார் எண்ணுவது?

பதினோராவது பட்டியல் வந்து விட்டது. 2019-ல் உலக நாடுகள் ஏற்றுக் கொண்டன; 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தேசமாக அதற்கு மாறும். அப்போது நம்பரும் மாறும். ஆகையால் நம்பர் மட்டும் போதாது. பெயரும் எழுத்தில் வேண்டும், பக்கத்தில் நம்பரும் வேண்டும், எந்தப் பட்டியல் என்றும் வேண்டும்.

சர்க்கார் உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போகும் நாளில், தகப்பனார் டாக்டரிடம் சீட்டை நீட்டி, "ஐயா, குறையின் பெயரையும் நம்பரையும் இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்கலாம். எழுதுவதற்கு அரை நிமிஷம் ஆகும். அதை நாலு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைப் பெட்டியில் வைத்து விட்டுப் பஸ் ஏறலாம்.